ஆட்டு மண்டையோட்டைப் பாடம் செய்வோம்

பழைய மாளிகைகளிலும் மலைத் தோட்டத்துப் பங்களாக்களிலும், மரப்பலகையில் பொருத்திய மான் மண்டையோடு கொம்புகளுடன் சுவரில் மாட்டப்பட்டிருப்பதைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேட்டையாடுவது சிலருக்குப் பொழுதுபோக்காக இருந்த காலம் அது. வேட்டையில் விழுந்த விலங்கின் தலையைப் பாடம் செய்து கொடுப்பதற்கென்றே தொழிற்கூடங்கள் இருந்தன. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் நடத்திய கூடம் அவற்றுள் உலகப் புகழ் பெற்றது. அதுவும் 1999-ஆம் ஆண்டோடு மூடப்பட்டுவிட்டது.

'அப்படி ஒரு மான் மண்டையோட்டை நாமே சுத்தம் செய்து பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் வைத்தால் என்ன?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அது கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு மட்டுமல்ல, அதன் கொம்பு, எலும்பு, பல், தோல் ஆகியவையும் அரசின் சொத்தாகும். மான் தானாக இறந்து கிடந்தாலும், கொம்பு தானாக உதிர்ந்து கிடந்தாலும் அதுவே சட்டம். அத்தகைய பொருள் எவர் கைக்காவது வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். ஆகையால் வழியில் மான் கொம்பைக் கண்டால் எடுக்காதீர்கள். படம் வரைந்துகொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் காட்டில் மேயும் வெள்ளாடே அந்த வழி!

மானும் ஆடும்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் வல்லநாட்டுக் குன்று இருக்கிறது. அங்கே 1987-ஆம் ஆண்டில் வெளிமான் சரணாலயம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடியில் உள்ளது இதுதான்.

வெளிமான் என்று சொன்னாலும், விலங்கியல் பாகுபாட்டில் அது புள்ளிமானோடு சேர்ந்ததன்று. ஆடும் மாடும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டது. முழுவதும் எலும்பால் ஆனது. விழுந்து மறுபடியும் முளைப்பது. வெளிமானின் கொம்பு திருகியது, கிளையற்றது, ஆயுள் முழுவதும் விழாதது. உள்ளே எலும்புத் தண்டும், அதன்மேல் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன உறையும் கொண்டது. வெள்ளாட்டின் கொம்பும் அப்படித்தான். எனவே ஆட்டு மண்டையோட்டைப் பாடம் செய்து கற்றுக்கொள்பவர், வல்லநாட்டு வெளிமானின் தலை அமைப்பில் பெரும் பகுதியை ஒரு மானையும் தொடாமலே கற்றுக்கொள்கிறார்.

கரிசல் பகுதிக்கென்றே உரிய ஆட்டினங்கள் உண்டு. ஒன்று கன்னி ஆடு. கறுப்பு உடலில் முகத்திலும் காதிலும் காலிலும் வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது பால்கன்னி. செம்பழுப்புக் கோடுகள் இருந்தால் செங்கன்னி. மற்றொன்று கொடி ஆடு. வெள்ளை உடலில் கறுப்புத் திட்டுகள் இருந்தால் கரும்போரை. சிவப்புத் திட்டுகள் இருந்தால் செம்போரை. உங்கள் ஆடு எந்த இனம் என்று முன்னதாகவே கேட்டுக் குறித்து வையுங்கள். தோல் போன பிறகு நிறத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை!

முதலில் ஒரு சோதனை

வேலையைத் தொடங்குமுன் எலும்பு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தின்று முடித்த கோழிக் கால் எலும்புகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை வினிகரில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் போல் கழித்து எடுத்தால் அது ரப்பரைப் போல வளையும். எலும்பில் இருந்த கால்சியம் உப்பு அமிலத்தில் கரைந்து போய்விட்டது. மிஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரதம்.

மற்றொன்றைப் பெரியவர் ஒருவர் துணையோடு விறகு அடுப்புத் தணலில் நன்றாக எரிய விடுங்கள். முதலில் கரியாகும், பிறகு வெள்ளை வெளேரென்று ஆகும். வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் ஆறிய பின் விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். இங்கே கொலாஜன் எரிந்துவிட்டது. உப்பு மட்டும் மிஞ்சியது.

இதிலிருந்து தெரிவது என்ன? எலும்பின் கடினத்தைத் தருவது உப்பு. அது நொறுங்காமல் பிணைத்து வைப்பது கொலாஜன். உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன். மிகவும் வெளுத்த எலும்பு மிகவும் நல்ல எலும்பு என்று நினைத்துவிடக்கூடாது. சதையை நீக்க வேண்டும். ஆனால் கொலாஜனை விட்டுவைக்க வேண்டும். இந்த வேலை முழுவதற்கும் விதி இது ஒன்றுதான்.

ஏன் கொதிக்க வைக்கக்கூடாது?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, தலையைப் பெரிய பானையில் போட்டுக் கொதிக்க வைப்பது. சதை எளிதில் கழன்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் நெடுநேரம் கொதித்தால் கொலாஜனும் கரைந்து வெளியேறும். தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் இப்படித்தான் செய்யப்படுகிறது. எலும்பையும் தோலையும் நீரில் கொதிக்க வைத்து வடித்த பசையே வச்சிரம். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து மாணவர்களுக்கு அது புதிதன்று. தீக்குச்சியின் தலையில் மருந்தைப் பிடித்து வைப்பதும் இந்தப் பசைதான். ஆக, மண்டையோட்டைக் கொதிக்க வைப்பவர் தம்மை அறியாமலே வச்சிரம் காய்ச்சுகிறார்! மேலும், கொதிநீரில் கொழுப்பு உருகி எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிற்பாடு மஞ்சள் கறையாக வெளிப்படும்.

கரிசல் மண்ணில் புதைத்து வைக்கலாமா? அதுவும் நல்லதல்ல. ஈரத்தில் உப்பியும் வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்தும் மாறுவது கரிசலின் குணம். அந்த இழுப்பில் மூக்கின் மெல்லிய எலும்புகள் முறிந்துவிடும். கறையும் ஏறும். நாய் தோண்டி எடுத்துப் போகும் வாய்ப்பும் உண்டு.

பெரிய அருங்காட்சியகங்கள் சிலவற்றில் தோல் வண்டுகளை வளர்த்து, அவற்றின் புழுக்களைக் கொண்டு சதையைத் தின்ன வைக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இம்முறை உண்டு. கருவாட்டில் நெளியும் மயிரடர்ந்த புழு இந்த இனத்தைச் சேர்ந்ததே. வேலை நேர்த்தியாக முடியும். ஆனால் வண்டு வீட்டுக்குள் பரவினால் தோல் பொருள், கம்பளி, கருவாடு எதையும் விடாது. நமக்கு வேண்டாம்.

நமக்கு ஏற்றது தண்ணீரில் ஊறவைக்கும் முறை. தேங்காய் மட்டையை நீரில் ஊறப் போட்டு நார் எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பாக்டீரியாக்கள் நாரைப் பிணைத்திருக்கும் பொருளைத் தின்று நாரை விட்டுவிடுகின்றன. இங்கே அவை சதையைத் தின்று எலும்பை விட்டுவிடும். இந்தப் பாக்டீரியாக்களுக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை சுமார் 30 முதல் 37 டிகிரி சென்டிகிரேடு. குளிர் நாடுகளில் இதற்காக வாளிக்குள் மீன்தொட்டிச் சூடாக்கியைப் போட்டு வைப்பார்கள். கோவில்பட்டிக் கோடையில் நமக்கு அந்தச் செலவில்லை.

முக்கிய எச்சரிக்கை

செத்துக் கிடக்கும் ஆடு, மாடு, நாய் எதன் தலையையும் எடுக்காதீர்கள். காட்டில் வெயிலில் காய்ந்து கிடக்கும் மண்டையோட்டையும் எடுக்காதீர்கள். அந்த விலங்கு எதனால் இறந்தது என்பது நமக்குத் தெரியாது.

இதற்கு முதற் காரணம் அடைப்பான் நோய். ஆந்த்ராக்ஸ் என்பது இதுவே. நன்றாக இருந்த ஆடு திடீரென விழுந்து இறக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வரும். இந்நோயைத் தரும் பாக்டீரியா காற்றுப் பட்டதும் தன்னைச் சுற்றி உறை அமைத்து விதைபோல் ஆகிவிடும். அந்த விதைகளை வெயிலும் வறட்சியும் எளிதில் கொல்லா. காரத்தன்மையும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த மண்ணில் அவை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கரிசல் அத்தகைய மண். தோலில் உள்ள சிறு காயத்தின் வழியாகக்கூட அவை மனிதனைத் தொற்றும். இந்தக் கிருமிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1876-இல் இராபர்ட் கோக் மெய்ப்பித்தார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவே காரணம் என்று திட்டமாக நிறுவப்பட்டது அப்போதுதான். இப்படி இறந்த ஆட்டைக் கண்டால் அறுக்கவோ தோலுரிக்கவோ விடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ஆகையால் நமது தலை கறிக்கடையிலிருந்து, நலமாக இருந்து அறுக்கப்பட்ட ஆட்டினுடையதாகவே இருக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

கொம்புள்ள வெள்ளாட்டுத் தலை 1, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி 2, வெங்காயம் வரும் நைலான் வலைப்பை, ரப்பர் கையுறை, பழைய பல் துலக்கி, துணி துவைக்கும் சோப்புத் தூள், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, வெள்ளைப் பசை, பித்தளைக் கம்பி, மரப்பலகை.

கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஏனென்றால் வழக்கமாகத் தலையைத் தீயில் வாட்டி, கொம்பை வெட்டி, மூளைக்காக இரண்டாகப் பிளந்துதான் தருவார்கள். 'வாட்ட வேண்டாம், பிளக்க வேண்டாம், கொம்போடு தோலுரித்துத் தாருங்கள்' என்று கேளுங்கள். நாக்கையும் கன்னக் கறியையும் சமையலுக்கு எடுத்துக்கொண்டால் பொருளும் வீணாகாது, உங்கள் வேலையும் குறையும்.

செய்முறை

1. சதை நீக்குதல். பெரியவர் ஒருவரின் உதவியோடு இயன்ற அளவு சதையையும் கண்களையும் எடுத்துவிடுங்கள். எலும்பைக் கத்தியால் சுரண்டாதீர்கள்; கீறல் பிறகு மறையாது. தலையின் பின்புறம் பெருந்துளை ஒன்று இருக்கும். தண்டுவடம் மூளையோடு சேரும் வழி அது. அதன் வழியாக வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, தண்ணீர் ஊற்றி மூளையைக் கழுவி வெளியேற்றுங்கள்.

2. ஊறவைத்தல். தலையையும் கீழ்த்தாடையையும் வலைப்பையில் கட்டி, வாளியில் இட்டு, முழுவதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியை வீட்டிலிருந்து தள்ளி வேப்பமர நிழலில் வைத்து, மூடி மேல் கல் வையுங்கள். வாயு உண்டாவதால் மூடியை இறுக்கக் கூடாது. நாற்றம் கடுமையாக இருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் கொட்டிவிட்டால் நமக்காக வேலை செய்யும் பாக்டீரியாக்களையும் கொட்டிவிட்டதாகும். கொட்டும் நீரைத் துணியில் வடிகட்ட மறவாதீர்கள். முன்பற்கள் எளிதில் கழன்று விழும். வடித்த நீரைக் கிணறு, ஊருணி இவற்றுக்கு எட்டாத இடத்தில் குழி தோண்டி ஊற்றி மண்ணால் மூடுங்கள்.

ஒரு வாரத்துக்குப் பின் கொம்புறையைப் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். இணைப்புத் திசு அழுகியிருந்தால் உறை தனியே கழன்று வரும். உள்ளே எலும்புத் தண்டு தெரியும். உறைகளைக் கழுவி நிழலில் உலர்த்தித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இரண்டு மூன்று வாரங்களில் சதை முழுவதும் போய்விடும். போகாவிட்டால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

3. கொழுப்பு நீக்குதல். எலும்புகளைக் கழுவி, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சோப்புத் தூள் கலந்து அதில் ஊறவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். நீர் கலங்காமலும் மேலே எண்ணெய் மிதக்காமலும் இருக்கும்வரை இதைத் தொடருங்கள். இந்தப் படியை அவசரப்பட்டு விட்டுவிட்டால், எவ்வளவு வெளுத்தாலும் சில மாதங்களில் எலும்பு மஞ்சளாகிவிடும்.

4. வெளுத்தல். சலவைத் தூளாகிய பிளீச்சிங் பவுடரையும் சுண்ணாம்பையும் பயன்படுத்தாதீர்கள். குளோரின் கறையைப் போக்குவதோடு கொலாஜனையும் சிதைக்கும். சுண்ணாம்பின் காரமும் அதற்குப் பகை. எலும்பு சுண்ணாம்புக் கட்டிபோல் உதிரத் தொடங்கும். அடுப்பில் எரித்த எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடே ஏற்றது. அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. அந்த ஆக்சிஜன் கறையின் நிறத்தைப் போக்குகிறது. மருந்துக் கடைப் புட்டியில் '20 வால்யூம்' என்று இருந்தால் அது 6 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் பிரிந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்பது அதன் பொருள். சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்குங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக் வாளியே வேண்டும். கரைசல் போதாவிட்டால், தண்ணீர் நிரப்பி மூடிய கண்ணாடிப் புட்டிகளை வாளியில் எலும்பைச் சுற்றி நிறுத்துங்கள். அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் கரைசலின் மட்டம் உயரும்.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் அல்லது பெற்றோர் முன்னிலையில் இதைச் செய்யுங்கள். வாளியை நிழலில் வைத்து, மூடியை இறுக்காமல் விடுங்கள். ஒன்றிரண்டு நாளில் எலும்பு வெளுத்துவிடும். தந்தம் போன்ற இளமஞ்சள் வெண்மை வந்ததும் நிறுத்திவிடுங்கள். கொம்புறையை இதில் போடக் கூடாது, நிறம் கெடும்.

5. உலர்த்துதல். கரிசல் காட்டில் பல கிணறுகளின் தண்ணீர் உப்பு மிகுந்தது. அதில் கழுவினால் உலர்ந்த பின் எலும்பின் மேல் உப்புப் பூக்கும். கடைசிக் கழுவலுக்கு மழைநீரோ நல்ல குடிநீரோ பயன்படுத்துங்கள். பிறகு ஒரு வாரம் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் பல்லின் மேற்பூச்சும் உட்பகுதியும் ஒரே அளவில் சுருங்காததால் பற்கள் வெடித்துவிடும்.

6. பொருத்துதல். கழன்ற பற்களை உரிய குழிகளில் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். கொம்புறைகளைத் தண்டின் மேல் மாட்டுங்கள். சீமைக் கருவேல மரத்தின் அடித்துண்டு ஒன்றை இழைத்தால் அழகான பலகை கிடைக்கும். எலும்பில் ஆணி அடிக்காதீர்கள். பலகையில் நட்ட பித்தளைக் கம்பியை வளைத்துப் பெருந்துளைக்குள் செலுத்தினால் மண்டையோடு தானே நிற்கும். இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கறை ஏற்றும். கீழ்த்தாடையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். பற்களை அருகிலிருந்து பார்க்க அதுவே வசதி. வார்னிஷ் பூச வேண்டாம்.

7. சீட்டு எழுதுதல். இது இல்லாவிட்டால் உங்கள் மண்டையோடு வெறும் அலங்காரப் பொருள்தான். விலங்கின் பெயர், இனம், ஆணா பெண்ணா, கிடைத்த ஊர், நாள், பாடம் செய்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அப்போதுதான் அது அறிவியல் மாதிரியாகும்.

மண்டையோட்டைப் படியுங்கள்

மேல்தாடையின் முன்புறத்தைப் பாருங்கள். பல்லே இல்லை! ஆடு கீழ் முன்பற்களை மேலண்ணத்தின் கடினமான திட்டோடு அழுத்தித் தழையை அறுக்கிறது. கீழே முன்புறம் 8 பற்கள், கீழ்த்தாடையின் இருபுறமும் 12 கடைவாய்ப் பற்கள், மேல்தாடையிலும் 12, ஆக மொத்தம் 32. நமக்கும் 32 பற்களே. ஆனால் அடுக்கு வேறு.

ஆடு வாங்குபவர் வாயைத் திறந்து 'ரெண்டு பல்', 'நாலு பல்' என்று சொல்வதைச் சந்தையில் கேட்டிருப்பீர்கள். முன்பற்களில் பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைப்பதைக் கொண்டு வயதைச் சொல்லும் முறை அது. இரண்டு பல் என்றால் வயது ஏறத்தாழ ஒன்றேகால். நாலு பல் என்றால் இரண்டு. எட்டும் முளைத்துவிட்டால் நான்கை நெருங்கியது. தீனியையும் இனத்தையும் பொறுத்துச் சிறிது முன்பின் ஆகும்.

கண்குழிகள் பக்கவாட்டில் இருக்கின்றன. நாயின் மண்டையோட்டில் அவை முன்நோக்கியவை. துரத்துகிற விலங்குக்கு எதிரே தூரத்தை அளக்கும் பார்வை வேண்டும். தப்பி ஓடும் விலங்குக்கு மேயும்போதே சுற்றிலும் தெரிய வேண்டும். வெளிமானின் கண்குழிகளும் பக்கவாட்டில்தான் உள்ளன.

செய்து முடித்தபின் இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மாதிரியைப் பார்த்தே விடை எழுதுங்கள்:

உங்கள் ஆட்டின் வயது என்ன? அதைக் கறிக்கடைக்காரர் சொன்ன வயதோடு ஒப்பிடுங்கள்.

பெருந்துளை ஆட்டுக்குப் பின்புறத்திலும் மனிதனுக்கு அடிப்புறத்திலும் இருப்பது ஏன்?

கடைவாய்ப் பற்களின் மேல் பிறை பிறையாக வரம்புகள் இருப்பதால் ஆட்டுக்கு என்ன நன்மை?

கொம்பின் எலும்புத் தண்டில் காணும் சிறு துளைகளும் வரிகளும் எதற்காக?

விடைகளைக் குறிப்பேட்டில் எழுதி, மண்டையோட்டோடு சேர்த்து உங்கள் பள்ளி அறிவியல் கூடத்துக்குக் கொடுங்கள். அடுத்து வரும் மாணவர்களுக்கும் அது பயன்படும். வாய்ப்புக் கிடைக்கும்போது வல்லநாட்டுக்குப் போய் வெளிமானை உயிரோடு பாருங்கள். அது தலையைத் திருப்பி உங்களை நோக்கும்போது, அந்தத் தோலுக்குள் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும்.